பாலாற்றங்கரையில் பிறரன்புப் பணி – ஒரு வரலாற்றுப் பார்வை



யூபிலி மலர் என்றால் கோவில் கட்டிய வரலாறு இருக்கும். அடிக்கல் நாட்டிய ஆயரின் பெயர் இருக்கும். பணியாற்றிய பங்குத்தந்தையரின் படங்கள் வரிசையாக இருக்கும். இவை யாவும் இம்மலரின் மற்றப் பக்கங்களில் உள்ளன. ஆனால் ஒரு பங்கின் வரலாறு கோவில் சுவர்களுக்குள்ளேயே முடிந்துவிடுவதில்லை. பசித்தவர் யார் வீட்டு வாசலில் நின்றார், அவருக்கு யார் சோறிட்டார், யார் கதவைச் சாத்தினார் என்பதும் வரலாறுதான். அதை யாரும் கல்வெட்டில் பொறிப்பதில்லை. எனவே வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் நம் தோல் தொழில் பகுதியில், துன்புற்ற குடும்பங்களுக்கும் குழந்தைகளுக்கும் செய்யப்பட்ட உதவி எவ்வாறு தொடங்கி எவ்வாறு வளர்ந்தது என்பதை இக்கட்டுரையில் சுருக்கமாகக் காண்போம். பள்ளி ஆசிரியனாகவும் வின்சென்ட் தே பவுல் சபை உறுப்பினனாகவும் இருந்த எனக்கு இதில் ஒரு சொந்தக் கணக்கும் உண்டு. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நம் மண்ணும் மக்களும்

அன்றைய வட ஆற்காடு மாவட்டம் ஏரியையும் மழையையும் நம்பிப் பிழைத்த மாவட்டம். பாலாறு ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகவே கிடக்கும். ஆயினும் அந்த மணலுக்கடியில் ஊற்று நீர் உண்டு. அந்த நீரும், சுற்றுப்புறங்களில் கிடைத்த ஆவாரம்பட்டையும், 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடத் தொடங்கிய தென்னாட்டின் முதல் இரயிலும் சேர்ந்து இங்கே தோல் தொழிலை வளர்த்தன. இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களின் பெயர் கடல் கடந்தும் அறியப்பட்டது.

ஆனால் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி நின்று தோலைப் புரட்டியவர்களும், மயிர் நீக்கியவர்களும், பட்டை ஊறிய தொட்டியில் கைகால் சிவக்க உழைத்தவர்களும் பெரும்பாலும் சேரி மக்களே. ஊரார் தொடத் தயங்கிய தோலை அவர்கள் தொட்டார்கள். அதனாலேயே ஊரார் அவர்களையும் தொடத் தயங்கினார்கள். நம் பங்கு மக்களில் பலருடைய பாட்டன் பாட்டிமார் இவர்கள்தாம். இதைச் சொல்ல நாம் வெட்கப்பட வேண்டியதில்லை.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தைத் தாது வருஷப் பஞ்சம் என்று நம் முன்னோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதற்கு ஒரு தலைமுறைக்குப் பின், 1903-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள், பாலாற்றில் பெருவெள்ளம் வந்து வாணியம்பாடியில் இருநூறு பேர் வரை மாண்டனர். மழை பொய்த்தாலும் துன்பம், மிகுந்தாலும் துன்பம். இரண்டிலும் முதலில் அடிபடுவது அன்றாடங்காய்ச்சியின் குடிசையே.

கதவைத் தட்டிய மூவர்

நம் பகுதியின் பிறரன்புப் பணியைப் பற்றிப் பேசும்போது டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரை விட்டுவிட்டுப் பேச இயலாது. அவர் கத்தோலிக்கர் அல்லர். அமெரிக்க ஆற்காடு மிஷனைச் சேர்ந்த மருத்துவக் குடும்பத்தில், 1870-ஆம் ஆண்டு இராணிப்பேட்டையில் பிறந்தவர். மருத்துவராகும் எண்ணமோ இந்தியாவில் தங்கும் எண்ணமோ இளமையில் அவருக்கு இல்லை.

1890-களில் ஒரு நாள் இரவு, திண்டிவனத்தில் அவர் பெற்றோருடன் தங்கியிருந்தபோது, ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் இசுலாமியர், மற்றவரும் மேல்சாதி இந்து. மூவருடைய இளம் மனைவியரும் பிரசவ வேதனையில் உயிருக்குப் போராடிக் கொண்டிருந்தனர். ஐடாவின் தந்தையார் மருத்துவர். அவர் வர ஆயத்தமாக இருந்தார். ஆனால் ஆண் மருத்துவர் வீட்டுப் பெண்ணைத் தொடுவதற்கு அவர்கள் வழக்கம் இடந்தரவில்லை. ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டனர் என்ற செய்தி வந்தது. அந்த இரவுதான் அவரை மருத்துவராக்கியது.

அமெரிக்கா சென்று படித்துத் திரும்பி, 1900-இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையுடன் மருத்துவம் பார்க்கத் தொடங்கினார். 1902-இல் நாற்பது படுக்கைகள் கொண்ட மருத்துவமனை எழுந்தது. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. அதுவே இன்று உலகறிந்த சி.எம்.சி. மருத்துவமனையும் கல்லூரியுமாக வளர்ந்து நிற்கிறது.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது கட்டடங்களின் வளர்ச்சியை அன்று. நோயாளி நம்மிடம் வரட்டும் என்று அம்மையார் மருத்துவமனைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கவில்லை. மருந்துப் பெட்டியை ஏற்றிக்கொண்டு குடியாத்தம் சாலை வழியே புறப்பட்டார். மர நிழலில் காத்திருந்த கிராமத்து மக்களுக்குச் சாலையோரத்திலேயே மருத்துவம் பார்த்தார். ஒரு காலத்தில் மூன்று பேர் அவர் கதவைத் தட்டினார்கள். பிறகு அவர் போய் ஆயிரம் பேர் கதவைத் தட்டினார். நம் பகுதியில் பிறரன்பின் வரலாறு திசை திரும்பிய இடம் இதுவே என்பது என் எண்ணம்.

பாதியில் நிற்கும் உதவி

அதே மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை 1948 முதல் அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தத் தொடங்கினார். உலகமே வியந்தது. ஆனால் சிகிச்சை பெற்றுச் சென்ற ஒருவர் சில நாட்களில் வாடிய முகத்துடன் திரும்பி வந்தாராம். கை நன்றாகிவிட்டது; அதனால் பிச்சை போடுவார் இல்லை. நோயின் வடு இருப்பதால் வேலை கொடுப்பாரும் இல்லை. மடங்கிய கை இருந்தபோது கிடைத்த சோறும் இப்போது போய்விட்டது என்று அவர் மருத்துவரிடமே முறையிட்டார்.

வேறொருவராக இருந்தால் நன்றியில்லாதவன் என்று கோபித்திருப்பார். டாக்டர் பிராண்ட் அப்படிச் செய்யவில்லை. தம் உதவி பாதி வழியில் நின்றுவிட்டதை உணர்ந்தார். நவஜீவ நிலையம் என்ற இல்லத்தை அமைத்து, குணமானவர்களுக்குத் தச்சு வேலையும் பொம்மை செய்யும் தொழிலும் கற்றுத்தர ஏற்பாடு செய்தார். உணர்ச்சியற்ற பாதங்களில் மீண்டும் புண் வராமல் காக்க மெத்தென்ற ரப்பர் செருப்புகளும் உருவாயின. இன்றும் எம்.சி.ஆர். செருப்பு என்றால் மருத்துவமனை வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். 1955-இல் கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை எழுந்தது.

நோயைத் தீர்ப்பது ஒன்று. நோயாளியை நிமிர்ந்து நடக்கச் செய்வது மற்றொன்று. இந்தப் பாடத்தை நினைவில் வைத்துக்கொண்டு, இனி நம் திருச்சபையின் பணிக்கு வருவோம்.

ஒரு சுமை விறகு

1833-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் பாரிஸ் நகரில் சில கல்லூரி மாணவர்கள் கூடினார்கள். அவர்களுள் ஒருவரான பிரடெரிக் ஒசானாமுக்கு அன்றுதான் இருபது வயது நிறைந்தது. கிறிஸ்தவர்கள் பழம்பெருமை பேசுகிறார்களே, இன்று ஏழைக்கு என்ன செய்கிறார்கள் என்று உடன் படித்தவர்கள் கேட்ட கேள்வி அவரைச் சுட்டது. ஒசானாமும் நண்பர் ஒருவரும் தங்கள் அறையில் குளிர்காய வைத்திருந்த விறகைச் சுமந்துகொண்டு போய் ஓர் ஏழையின் வீட்டில் சேர்த்தார்கள் என்று சொல்லப்படுகிறது. ஏழைகளின் வீடுகளுக்கு எப்படிச் செல்ல வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்பதை அவர்களுக்குக் கற்றுக் கொடுத்தவர் அருட்சகோதரி ரோசலி ரெந்து. இவ்வாறு பிறந்ததுதான் வின்சென்ட் தே பவுல் சபை. 1863-இல் அது இந்தியாவுக்கும் வந்தது. 1997-இல் ஒசானாம் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டார்.

இச்சபையின் உயிர்நாடி பணம் கொடுப்பது அன்று, வீடு சந்திப்பது. இருவர் இருவராகச் சென்று, குடும்பத்தாருடன் உட்கார்ந்து பேசி, தேவையை அறிந்து உதவ வேண்டும் என்பதே அதன் முறை.

நம் பகுதிக்குச் சலேசியத் துறவிகள் கொண்டுவந்த மரபும் இதற்கு இசைந்ததே. 1906-இல் தஞ்சாவூருக்கு வந்த சலேசியர்கள், 1928-இல் சென்னை உயர்மறைமாவட்டப் பொறுப்பை ஏற்றபோது வட ஆற்காட்டிலும் பணி ஏற்றார்கள். அந்த ஆண்டு சென்னைப் பேராயரான மேதகு மெதர்லே ஆண்டகை, 1934 டிசம்பரில் நம் பக்கத்துப் பள்ளிகொண்டாவில்தான் உயிர் நீத்தார். பேராயர் என்பவர் நகரத்து மாளிகையில் இருப்பவர் என்று நினைப்போருக்கு, பாலாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் நிகழ்ந்த அம்மரணம் ஒரு மறுமொழி. 1951-இல் திருப்பத்தூரில் தூய நெஞ்சக் கல்லூரியும், 1954-இல் காட்பாடியில் சலேசிய சகோதரிகளின் ஆக்சீலியம் பெண்கள் கல்லூரியும் தோன்றின. இடையே 1952 நவம்பர் 13-ஆம் நாள் வேலூர் தனி மறைமாவட்டமாயிற்று. சலேசியரான மேதகு மரியசெல்வம் ஆண்டகை அதன் முதல் ஆயர்.

சலேசியரின் தந்தையாகிய புனித ஜான் போஸ்கோ, தொழிற்பட்டறைகளில் சிறுவர்கள் படும் பாட்டைத் தூரின் நகரில் கண்டவர். அவர் சிறுவர்களுக்கு ரொட்டி கொடுத்தார், படுக்க இடம் கொடுத்தார். அத்துடன் நிற்கவில்லை. 1851, 1852-ஆம் ஆண்டுகளில் பட்டறை முதலாளிகளுடன் எழுத்து மூலமாக ஒப்பந்தம் செய்துகொண்டார். பையனுக்குத் தொழிலைக் கற்றுத்தர வேண்டும், அவனை வேறு எடுபிடி வேலைகளுக்குப் பயன்படுத்தக் கூடாது, அடிக்கக் கூடாது, ஓய்வு நாள் தர வேண்டும் என்றெல்லாம் அதில் நிபந்தனைகள் உண்டு. கீழே அவருடைய கையெழுத்தும் உண்டு. ஒரு குரு, ஏழைச் சிறுவனுக்காகக் கூலி விவகாரத்தில் கையெழுத்திட்டார்! பிறரன்பு என்பது உண்டியலோடு முடிவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

பிடி அரிசியும் கோதுமை மூட்டையும்

நம் இல்லங்களில் தாய்மார்கள் உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பார்கள். வார இறுதியில் அது கோவிலுக்கு வரும். அங்கிருந்து இல்லாதவர் வீட்டுக்குப் போகும். புனித அந்தோனியார் உண்டியலில் செவ்வாய்க்கிழமை விழும் சில்லறையும் அப்படியே. இவற்றைப் போட்டவர்களும் பெரும்பாலும் ஏழைகளே.

1950-களிலும் 60-களிலும் அமெரிக்கக் கோதுமையும் பால் பவுடரும் மூட்டை மூட்டையாகத் திருச்சபை வழியாக வந்தன. பஞ்ச காலத்தில் அவை பல உயிர்களைக் காத்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் கோதுமைக்கும் பால் பவுடருக்கும் சேர்ந்த கூட்டம் என்ற ஏச்சையும் நம் மக்கள் கேட்க நேர்ந்தது. வரிசையில் நின்று வாங்கிய கைகளுக்கு அந்த ஏச்சு சுட்டது. தூரத்திலிருந்து வந்த மூட்டை பசியை ஆற்றிற்று. பக்கத்து வீட்டுப் பிடி அரிசியோ பசியையும் ஆற்றிற்று, மானத்தையும் காத்தது. முன்னதை வாங்கியவர் பயனாளி. பின்னதை வாங்கியவர் உறவினர்.

இந்தப் பணியில் நாம் மட்டும் ஈடுபட்டோம் என்று எண்ணிவிடக் கூடாது. தோல் வணிகத்தில் பொருளீட்டிய இசுலாமியப் பெருமக்கள் கல்விக்கு வாரி வழங்கினர். 1919-இல் தோன்றிய வாணியம்பாடி இசுலாமியக் கல்லூரி அதற்குச் சாட்சி. லூத்தரன் சபையார் ஆம்பூரில் பெதஸ்தா மருத்துவமனையை நிறுவினர். 1921-இல் டாக்டர் யேசுதாசனும் டாக்டர் பேட்டனும் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கி ஏழைகளுக்கு மருத்துவம் செய்தனர். அரசும் தன் பங்கைச் செய்தது. 1956-இல் பெருந்தலைவர் காமராசர் பள்ளிகளில் மதிய உணவைக் கொண்டுவந்தார். 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2024 ஜூலையில் ஊர்ப்புறத்து அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்தது. ஆசிரியனாகச் சொல்கிறேன்: வயிறு நிறைந்த பிள்ளைக்குத்தான் வாய்ப்பாடு ஏறும்.

நான் கேட்கத் தவறிய கேள்வி

இப்போது என் சொந்தக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நாற்பது ஆண்டுகளுக்கு முன், எங்கள் வின்சென்ட் தே பவுல் சபையார் ஒரு கைம்பெண்ணின் வீட்டுக்கு வாரந்தோறும் அரிசி கொடுத்து வந்தோம். பொறுப்பு என்னுடையது. ஓராண்டுக்கு மேல் தவறாமல் கொடுத்தேன். பெருமையாகக் கணக்கும் எழுதினேன். அந்த வீட்டுப் பெண் குழந்தை பள்ளிக்கு வரவில்லை என்பதை நான் பார்க்காமல் இல்லை. சிலேட்டும் பாவாடை சட்டையும் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு நாள் வந்தாள், பிறகு வரவில்லை.

தாயைக் கடிந்துகொண்டேன். அந்த அம்மாள் தலை குனிந்தபடி சொன்ன பதில் இன்றும் என் காதில் ஒலிக்கிறது: "அரிசி நீங்க குடுக்கறீங்க சார். கடன யாரு குடுப்பா?"

கணவர் நோயில் கிடந்தபோது பீடி வேலை கொடுப்பவர் ஒருவரிடம் முந்நூறு ரூபாய் முன்பணம் வாங்கியிருக்கிறார்கள். அதற்கு ஈடாகத்தான் அந்தக் குழந்தை காலை முதல் இருட்டும் வரை அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பீடி முனை மடித்துக்கொண்டிருந்தாள். ஓராண்டாக நான் அந்த வீட்டு வாசல் வரை போயிருக்கிறேன், உள்ளே போனதில்லை. கொடுப்பதிலேயே கண்ணாக இருந்த நான் கேட்கத் தவறிவிட்டேன்.

சபையார் பணம் திரட்டினோம். அதற்குள் வேறொரு செலவுக்காகக் கடன் ஏறியிருந்தது. அடைத்து முடித்தபோது அந்தப் பெண்ணுக்குப் பதினான்கு வயது. சின்னப் பிள்ளைகளோடு ஒன்றாம் வகுப்பில் உட்கார வெட்கப்பட்டு மறுத்துவிட்டாள். அவளுடைய தம்பி படித்தான். அவள் படிக்கவில்லை.

முறத்தின் முன் குழந்தைகள்

அந்தப் பெண் தனி ஒருத்தி அல்லள். வேலூர், குடியாத்தம், பேரணாம்பட்டு, வாணியம்பாடி வட்டாரங்களில் ஆயிரக்கணக்கான வீடுகளில் இதே நிலைதான். மடியில் முறம், முறத்தில் வெட்டிய இலை, தூள், நூல். பெரியவர்கள் சுற்றுவார்கள், சிறு விரல்களுக்கு முனை மடிக்கும் வேலை. கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு.

முன்பணத்தில் உள்ள கண்ணி என்னவென்றால், குழந்தையின் அன்றாட உழைப்பால் அசல் குறைவதில்லை. கிடைக்கும் சொற்பக் கூலி வேறு, கடன் வேறு. அசலை ஒரே தவணையில் முழுதாகத் திருப்பிக் கொடுத்தால்தான் பிள்ளை வீடு திரும்பும். அன்றாடக் கூலிக்காரன் ஐந்நூறையோ ஆயிரத்தையோ ஒரே நாளில் எங்கிருந்து கொண்டுவருவான்? எனவே அக்கா பெரியவளாகி வெளியேறினால் தங்கை அந்த இடத்தில் உட்காருவாள்.

சட்டங்கள் இல்லாமல் இல்லை. 1966-இல் பீடி சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1976-இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. அதன்படி இப்படிப்பட்ட கடன் செல்லவே செல்லாது. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. ஆனால் சட்டம் கோட்டையிலிருந்து திண்ணை வரை நடந்து வர நெடுங்காலம் பிடித்தது.

1990-களின் நடுப்பகுதியில் மாவட்ட ஆட்சியராக இருந்த திரு. எம். பி. விஜயகுமார் அவர்களின் காலத்தில் இம்முயற்சி வேகம் பெற்றது. குழந்தையை மீட்டுப் பள்ளியில் விட்டால் மட்டும் போதாது, வீட்டில் கடன் வாங்கும் தேவை இருக்கும்வரை பிள்ளை மீண்டும் திண்ணைக்கே போகும் என்பது உணரப்பட்டது. எனவே தாய்மார்களின் சேமிப்புக் குழுக்கள் அமைக்கப்பட்டன. வாரம் சில ரூபாய் சேர்த்து, தங்களுக்குள்ளேயே குறைந்த வட்டிக்குக் கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். நோய், சாவு, சடங்கு என்று வரும்போது கந்துவட்டிக்காரரிடமோ பீடி முதலாளியிடமோ ஓடத் தேவையில்லை. மறுபுறம், மீட்கப்பட்ட பிள்ளைகளுக்கெனச் சிறப்புப் பள்ளிகள் நடந்தன. வயது கடந்த பிள்ளை வெட்கமின்றி, தன் வேகத்தில், அட்டைகளைக் கொண்டு கற்கும் முறை அங்கே கையாளப்பட்டது. அன்று பக்கத்துச் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ரிஷிவேலி பள்ளியின் அனுபவம் இதற்கு உதவிற்று. அதே முறைதான் பின்னர் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்குச் சென்று, செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் தமிழகம் முழுவதும் பரவியது. நம் பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்காகச் செய்யப்பட்ட ஒன்று நாட்டின் பிள்ளைகளுக்கெல்லாம் பயன்பட்டது என்பது நமக்குப் பெருமையே.

அந்தச் சிறப்புப் பள்ளி ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். பத்து, பன்னிரண்டு வயதுப் பெண்கள் தரையில் வட்டமாக உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்கள். எவரும் வெட்கப்படவில்லை. எனக்கு அந்த முந்நூறு ரூபாய்க் குழந்தையின் நினைவு வந்தது.

தண்ணீரும் கண்ணீரும்

1973-இல் மத்திய அரசு பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபின், நம் ஊர்களில் காலணித் தொழிற்சாலைகள் பெருகின. காலையில் ஷூ கம்பெனி பேருந்துக்காகச் சாப்பாட்டுத் தூக்குடன் நிற்கும் பெண்களை ஆம்பூரில் காணாதவர் இல்லை. மாதச் சம்பளம் பல குடும்பங்களைத் தூக்கி நிறுத்தியது. பெண்ணின் கையில் வருமானம் வந்ததும் பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள்.

ஆனால் தொழிற்சாலைக் கழிவு நிலத்திலும் நீரிலும் இறங்கியது. கிணற்று நீர் உப்பாயிற்று. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தோல் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போனதாக அத்தீர்ப்பில் குறிக்கப்பட்டுள்ளது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறி நம் வழக்கினால் இந்தியச் சட்டத்தில் உறுதிப்பட்டது. ஆயினும் 2025 ஜனவரி 30-ஆம் நாளும் அதே நீதிமன்றம் இதே பாலாற்றுக்காக மீண்டும் ஆணையிட வேண்டியதாயிற்று.

2015 ஜனவரி 31-ஆம் நாள் அதிகாலை, இராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, அருகில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப் பேர் இறந்தனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஒரு காலத்தில் நம் பாட்டன்மார் நின்ற தொட்டியருகே இன்று அவர்கள் நிற்கிறார்கள். மொழி தெரியாத அவர்களும் நம் பங்கின் எல்லைக்குள் வாழ்பவர்களே. அவர்கள் வீட்டுக் கதவை நாம் தட்டியிருக்கிறோமா?

நாம் செய்யத்தக்கவை

வரலாறு வெறும் பெருமைக்காக அன்று. இவ்வளவு நீண்ட கதையிலிருந்து நாம் கற்றது என்ன? கொடுப்பது நல்லது, ஆனால் கொடுப்பதற்கு முன் உள்ளே சென்று உட்கார்ந்து கேட்பது அதனினும் நல்லது. ஐடா அம்மையார் சாலையோரம் சென்றார். டாக்டர் பிராண்ட் குறை சொன்னவர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டார். ஜான் போஸ்கோ கூலி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். சேமிப்புக் குழுத் தாய்மார்கள் கடனின் வேரையே பிடுங்கினார்கள். இவர்கள் எல்லாரும் ஏன் இந்த நிலை என்று கேட்டவர்கள்.

இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒரு வாரமாகப் பள்ளிக்குப் போகவில்லையென்றால் காரணத்தைக் கேளுங்கள். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது நோட்டுப் புத்தகத்துக்காக நாள் வட்டிக்கு வாங்குபவர் உண்டா என்று பாருங்கள். ஷூ கம்பெனிக்குப் போகும் தாய் வரும்வரை அவர் பிள்ளைகளை நம் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்துப் பாடம் எழுதச் சொல்லுங்கள். ஒரு காலத்தில் குழந்தைகளைச் சிறை வைத்ததும் திண்ணைதான். உதவி பெற்றவர் பெயரை ஒலிபெருக்கியில் அறிவிக்க வேண்டாம். வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்க நம் ஆண்டவர் கற்பித்தது, வாங்குபவரின் மானத்தைக் காக்கவும்தான். இன்று உதவி பெற்ற வீடு நாளை உதவி செய்யட்டும். அதற்கும் இடம் கொடுங்கள்.

பிடி அரிசிக் கலயம் இன்று பல வீடுகளில் காணாமல் போய்விட்டது. இந்த யூபிலி ஆண்டில் அதை மீண்டும் அடுப்படியில் வைப்போம். அரிசியை எடுத்துச் செல்லும்போது வாசலோடு நின்றுவிடாமல், உள்ளே வரலாமா என்று கேட்டு, அழைத்தால் பாயில் உட்கார்ந்து, அவர்கள் சொல்வதைக் கேட்போம். என் காலத்தில் நான் தாமதமாகக் கற்றுக்கொண்டதை நம் இளைஞர் முன்னதாகவே கற்றுக்கொள்வார்களாக. ஏழையின் உருவில் நம்மிடம் வரும் இறைவன் நம் பங்கையும், இப்பாலாற்றங்கரை மக்கள் அனைவரையும் நிறைவாக ஆசீர்வதிப்பாராக!